மின்னல் போட்ட இருபத்திரண்டு

"நேத்து நான் இருபத்திரண்டு புள்ளி போடலை சார். போட்டது ஆறு. அதுலயும் ரெண்டு, ஏதோ கைதவறி விழுந்தது."

பத்திரிகை அலுவலகத்தில் விளையாட்டுப் பக்கம் பார்ப்பவர் நிமிர்ந்தார். எதிரே பள்ளிச் சீருடையில் நின்றவள், இன்றைய பக்கத்தில் படமாக இருந்த அதே கூடைப்பந்துக்காரி.

"திட்டி எழுதினா சண்டைக்கு வருவாங்க. புகழ்ந்ததுக்கு வந்த முதல் ஆள் நீதாம்மா" என்றார்.

அவள் சிரிக்கவில்லை.

ஒரு மாதமாகவே இப்படித்தான். 'மின்னல் மங்கை' என்று எழுதினார்கள். 'வளையம் இவளைத் தேடி வருகிறது' என்றார்கள். அதைப் படித்துவிட்டு உள்ளூர் டிவியும் வந்து, அவள் ஷூ கயிறு கட்டுவதைக்கூடப் படம் பிடித்துக்கொண்டு போனது. பயிற்சியில் தடுக்கி விழுந்தால், மின்னல் விழுந்துடுச்சு, குடையை விரிங்கடி என்று தோழிகள் கேலி செய்தார்கள். அதையெல்லாம் பொறுத்துக்கொள்ளலாம். அக்காவின் மௌனத்தைத்தான் பொறுக்க முடியவில்லை.

அணியின் கேப்டன் அக்காதான். அந்த இருபத்திரண்டும் அக்கா போட்டது. தேசிய முகாமுக்கு அணியிலிருந்து ஒருத்தியைத்தான் எடுப்பார்கள். தேர்வுக்குழு இந்தப் பக்கத்தைப் பார்த்துத்தான் முடிவெடுக்கும் என்று பேச்சு அடிபட்டது. சொந்த அக்காவின் இடத்தைப் பட்டப்பகலில் பறிப்பதுபோல் இருந்தது அவளுக்கு.

வாய் ஓயாத அக்கா, இப்போதெல்லாம் பேப்பர் வரும் நேரத்தில் அவள் முகத்தைப் பார்ப்பதே இல்லை. இன்று காலையும் பக்கத்தை விரித்தவள், மறுபேச்சில்லாமல் போர்வையை இழுத்து மூடிக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்பிவிட்டாள். போர்வைக்குள் தோள் குலுங்கியது. தொட்டுச் சமாதானம் சொல்லக் கை நீண்டது; எந்த முகத்தோடு சொல்வது என்று பாதியிலேயே நின்றுவிட்டது.

அதையெல்லாம் திக்கித் திக்கிச் சொல்லி முடித்தாள்.

"எங்க அக்கா அழறா சார். எழுதினது தப்புன்னு நாளைக்கே போட்டுடுங்க. எனக்கு அந்தப் பேரு வேணாம்."

அவர் பேனாவை மூடி வைத்தார்.

பிறகு மெதுவாகச் சொன்னார். ஆட்டம் நடக்கும் நேரத்தில்தான் அவர் பக்கத்தின் மற்றச் செய்திகளை முடித்தாக வேண்டும். ஒரு ஆட்டத்தைக்கூட நேரில் பார்த்ததில்லை. ஆட்டம் முடிந்ததும் அந்தந்த அணியிலிருந்து போனில் சொல்வார்கள், அவர் எழுதிக்கொள்வார். மின்னலும் வளையமும் அவருடைய கைச்சரக்கு. புள்ளிகள் மட்டும் அவர்கள் சொன்னபடி.

"அப்ப இவ்வளவு பொய்யைச் சொன்னது யார் சார்?"

"போன் பண்ணிச் சொல்றது எப்பவும் கேப்டனோட வேலைம்மா" என்றார் அவர். "நேத்து இருபத்திரண்டுன்னு சொல்றப்ப, உங்க அக்காவுக்குச் சிரிப்பை அடக்கவே முடியலை, 'கொஞ்சம் பெருசாவே போடுங்க சார், இல்லேன்னா என் தங்கச்சி ஆட்டத்தையே விட்டுடுவா'ன்னா."