மாத்திரை இல்லாத காய்ச்சல்

“மிஸ்ஸி, இவனைக் கொஞ்சம் பாருங்க! மூணு நாளா சாப்பிடல, தூங்கல. திடீர்னு சிரிக்கிறான், திடீர்னு அழறான்!”

பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே கல்லூரி விடுதியின் மருந்தறைக்குள் கௌஸைத் தள்ளிவிட்டான் அறைத்தோழன் விஜயன். அது 1945 ஆகஸ்டு. நாகூரிலிருந்து கப்பலேறி இங்கே வந்து படிக்கும் கௌஸுக்கு, ஜப்பான்காரன் ஊரைப் பிடித்த நாளிலிருந்து அம்மாவின் கடிதம் இல்லை. விடுதிப் பையன்களின் காய்ச்சலோடு மனக்கவலையையும் கேட்பவள், அவர்கள் ‘மிஸ்ஸி’ என்று கூப்பிடும் நர்ஸ் தங்கமணி.

விஜயனை வெளியே அனுப்பிவிட்டுக் கதவைச் சாத்தினாள். “அம்மா நெனப்பா தம்பி?”

“நெஞ்சு படபடங்குது மிஸ்ஸி. வெளிய சொன்னா ஜப்பான்காரன் தலையை வெட்டிடுவான்.”

“சொல்லலைன்னா நெஞ்சு வெடிச்சிடும். சொல்லு.”

அவள் காதருகே குனிந்தான். “ஒளிச்சு வச்ச ரேடியோவுல கேட்டேன். ஜப்பான்காரன் தோத்துட்டான்! இனி கப்பல் ஓடும். எங்கம்மாவைப் பாப்பேன் மிஸ்ஸி!” சிரிப்பும் கண்ணீரும் ஒன்றாகப் பொங்கின.

தங்கமணி ஆச்சரியப்படவே இல்லை. “இந்தக் காய்ச்சலுக்கு மாத்திரை கெடையாது. வெளிய நிக்கிறவன்கிட்ட போய் இதையே சொல்லு, சரியாயிடும்.”

“ஐயோ, விஜயன்கிட்டயா? அவன் ஓட்டை வாயன். பாசார் கடைங்க முழுக்கச் சொல்லிடுவான்!”

“மாட்டான் லா. முந்தாநாள் இதே பெஞ்சுல உக்காந்து, இதே சேதியைச் சொல்லி, ‘கௌஸுக்கு மட்டும் தெரியவே கூடாது மிஸ்ஸி, அவன் ஓட்டை வாயன்’னு அழுதான்.”

கௌஸ் பாய்ந்து கதவைத் திறந்தான். அதில் காதை ஒட்டி வைத்திருந்த விஜயன், சிரித்தபடியே அவன்மேல் வந்து விழுந்தான்.