நான்தான்ப்பா

"அப்பா, நான்தான்ப்பா" என்று சொன்னால் திறக்காத கதவு இந்தத் தெருவில் இல்லை என்று அவளுக்கு நன்றாகத் தெரியும். குரலில் கொஞ்சம் அவசரம் வேண்டும், கொஞ்சம் பாசம் வேண்டும். அவ்வளவுதான் சூட்சுமம்.

சொல்லிப் பார்த்தாள். கதவு திறக்கவில்லை.

"யாரது?" என்றது உள்ளிருந்து ஒரு முதிய குரல்.

"நான்தான்ப்பா, உங்க பொண்ணு."

"போன வாரமும் இப்படித்தான் ஒருத்தி போன் பண்ணா. வேற வீடு பாரும்மா."

உள்ளே இருந்தவர் நிஜமாகவே அவளைப் பெற்ற அப்பா. அவளோ போலீஸில் துப்பறியும் அதிகாரி. 'உங்க பையன் பேசறேன், உங்க பொண்ணு பேசறேன்' என்று தனியாக இருக்கும் வயதானவர்களை மொட்டையடிக்கிற கும்பலைப் பிடிக்க அவளைத்தான் போட்டிருந்தார்கள். ஆளை ஒரு பார்வை பார்த்தே உள்ளதைச் சொல்லிவிடுவாளாம், அதனால் ஸ்டேஷனில் அவளுக்கு 'எக்ஸ்ரே' என்று பட்டப்பெயர்.

கும்பலுக்கு இந்தத் தெரு நல்ல வேட்டைக்காடு. ஒரு பக்கம் பழைய வீடுகளை இடித்துப் பச்சை வலை போர்த்தியிருந்தார்கள், மறுபக்கம் கண்ணாடி மாடிகள் வந்தாயிற்று. யார் வீட்டுப் பிள்ளை யார் என்று சொல்ல ஒரு பழைய முகம் மிச்சமில்லை. அப்பாவின் மாடியிலேயே மற்ற கதவுகளில் எல்லாம் பூட்டுத்தான் தொங்கியது.

சற்று முன்னால்தான் இதே கட்டடத்தின் கீழ்த்தளத்தில் ஓய்வுபெற்ற நர்ஸ் ஒருவரை விசாரித்துவிட்டு வந்திருந்தாள். 'பையன்' அனுப்பிய ஆளிடம் கையிலிருந்த வளையல்களைக் கழற்றிக் கொடுத்த அம்மாள் அவர்.

"எப்படிம்மா நம்புனீங்க? சொந்தப் பையன் குரல் தெரியாதா?"

"குரல் என்னமோ மாதிரிதான் இருந்துச்சு. ஆனா என் முட்டிவலி, புதுசா மாத்துன மாத்திரை, தூக்கம் வராம நான் படற பாடு, எல்லாம் தெரிஞ்சு வெச்சிருந்தானே. இவ்வளவு தெரிஞ்சவன் பையனாத்தானே இருக்கணும்?"

மருந்துக்கடையிலும் கிளினிக்கிலும் நைசாக விசாரித்துக்கொண்டு வருகிறார்கள் என்று எக்ஸ்ரே அவருக்கு விளக்கினாள். விளக்கும்போதே அவளுக்கு அப்பாவின் நினைப்பு வந்தது. இந்த வழக்குக்காக எத்தனையோ முறை இந்தத் தெருவுக்கு வந்துவிட்டாள், மேலே ஏறி அப்பாவை ஒரு நடை பார்த்ததில்லை. இன்றைக்குப் பார்த்தே தீர வேண்டும் என்று இரண்டிரண்டு படியாக ஏறி வந்திருந்தாள்.

"அப்பா, என் குரல்கூடவா தெரியல?"

"குரலை மெஷின்லயே செஞ்சுடறாங்களாம். எம் பொண்ணே சொல்லியிருக்கா."

அது போலீசுக்காக அவள் பேசிப் பதிவு செய்து ஊருக்கே அனுப்பிய எச்சரிக்கை. அப்பாவுக்கும் அனுப்பியிருந்தாள். இந்த வருஷத்தில் அவள் அப்பாவுக்கு வேறெதுவும் அனுப்பியதாக ஞாபகம் இல்லை.

"சரி, கதவு லென்ஸ்ல பாருங்க. போலீஸ் கார்டைக் காட்டறேன்."

"எனக்கு அதுல ஒண்ணும் தெரியாது. கார்டும்தான் அச்சடிச்சுடறாங்களாமே, அதையும் அவதான் சொன்னா."

எக்ஸ்ரேவுக்குச் சிரிப்பும் எரிச்சலும் சேர்ந்து வந்தன. சந்தேகம் வந்தால் ஒரு கேள்வி கேளுங்கள், பேரும் பிறந்தநாளும் வேண்டாம், வீட்டு மனுஷருக்கு மட்டுமே தெரிந்ததைக் கேளுங்கள் என்றும் அந்த எச்சரிக்கையில் அவள் சொல்லியிருந்தாள்.

"அப்போ கேள்வி கேளுங்கப்பா. எது வேணா கேளுங்க, சொல்றேன்."

எத்தனையோ எமகாதகர்களைக் குறுக்கு விசாரணை செய்தவளுக்கு இதெல்லாம் ஒரு பொருட்டா? தைரியமாக நின்றாள்.

"எனக்கு ஆபரேஷன் ஆனது எந்தக் கண்ணுல?"

அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஆபரேஷனா? எப்போது? கூட யார் போனார்கள், கையைப் பிடித்து யார் வீட்டுக்குக் கூட்டி வந்தார்கள்?

அப்பா ஒரு நாள் போன் செய்தபோது "வேலையா இருக்கேன்ப்பா, அப்புறம் பேசறேன்" என்று வைத்தது நினைவுக்கு வந்தது. அப்புறம் அவள் பேசவே இல்லை.

வலதா இடதா, இரண்டில் ஒன்றைக் குத்துமதிப்பாகச் சொல்லிவிடலாம். பொய்யர்களோடு புழங்கிய வாய்க்கு அது பெரிய காரியம் இல்லை. ஆனால் அப்பாவிடம் வாய் எழவில்லை.

"தெரியாதுப்பா. எனக்குத் தெரியாது."

ஊருக்குச் சொன்ன பாடம் தன் தலையிலேயே விடிந்ததே என்று நொந்துகொண்டு, கண்ணைத் துடைத்தபடி படியிறங்கத் திரும்பினாள்.

பின்னால் சங்கிலி கழலும் சத்தம் கேட்டது.

கதவைப் பிடித்துக்கொண்டு அப்பா நின்றார். சட்டைப் பித்தான்கள் ஒன்று மாறிப் போட்டிருந்தன. இடது கண்ணை ஒரு பிளாஸ்டிக் மூடி மறைத்திருந்தது, அதைப் பிடித்திருந்த பிளாஸ்திரி அவராகவே தடவி ஒட்டிக்கொண்டது போலக் கோணலாக இருந்தது.

"நான்தான் பதிலே சொல்லலையேப்பா. அப்புறம் எப்படித் திறந்தீங்க?"

"போன வாரம் போன் பண்ணவகிட்டயும் இதையேதான் கேட்டேன், டக்குன்னு சரியாச் சொல்லிட்டா. நீ எம் பொண்ணுதான், உள்ள வா."