பத்துக்கு எத்தனை?

"இவ கையிலேருந்து அந்தப் போனப் புடுங்கணும் மேடம். பீஸு இன்னான்னு சொல்லுங்க, பேசி முடிச்சிக்கலாம்."

நாற்காலியில் உட்காருவதற்கு முன்பே அம்மாசி பேரத்தை ஆரம்பித்துவிட்டான்.

வெள்ளிமலையில் மரவள்ளிக் கிழங்கு வியாபாரி அவன். மூட்டை தூக்கி, ஏமாந்து, அடிபட்டு, சண்டை போட்டு சொந்த லாரி வாங்கியவன். பேரத்தில் அவனை ஜெயித்த ஆள் மலையிலும் இல்லை, கீழே கள்ளக்குறிச்சியிலும் இல்லை.

பக்கத்தில் மனைவி நிர்மலா, மடியில் செல்போனோடு தலைகுனிந்து உட்கார்ந்திருந்தாள். அம்மாசி வாசலில் நின்று போனில் கத்திக்கொண்டிருந்தபோது, ஆஸ்பத்திரி கவுண்டருக்குப் போய்ச் சீட்டு வாங்கி வந்தவள் அவள்தான்.

போன் அடிமைப் பழக்கத்துக்கான ஆலோசகர் சுபஸ்ரீ சீட்டைப் பார்த்தாள். பிறகு அம்மாசியைப் பார்த்தாள்.

"என்ன பிரச்சினை, சொல்லுங்க."

"ரெண்டு மாசமா இதே வேல மேடம். அடுப்புல சோறு தீயுது, இவ போனத் தடவிக்கினு நிக்கிறா. சத்தம்கூட வெக்கிறதில்ல, பேய் புடிச்ச மாதிரி பாத்துக்கினே இருக்கா. தீஞ்ச சோறு துன்னு துன்னு நாக்கு செத்துப்போச்சி. இன்னிக்கு லோடக்கூட வுட்டுட்டு இழுத்தாந்துட்டேன்."

அவன் போன் அடித்தது.

"இன்னாது? அந்த வெலைக்கா? ஒரு கிழங்கக்கூட எறக்காத! லாரி நிக்கட்டும்!" கத்திவிட்டு வைத்தான். "தொழில் மேடம். நீங்க கேளுங்க."

"பத்து கேள்வி. ஆமான்னா ஒரு மார்க். மார்க் ஏற ஏற ஆபத்து."

"அவளுக்குப் பத்துக்குப் பத்து போட்டுக்கோங்க."

"கண்ணு முழிச்சதும் முதல்ல தொடுறது போனையா?"

"ஆமா, போடுங்க."

"ஒருத்தர் பேசும்போதே போனைப் பார்க்கிற பழக்கம் உண்டா?"

பதில் வரவில்லை.

"சார்?"

அம்மாசி போனிலிருந்து நிமிர்ந்தான். "ஆங்? இன்னா கேட்டீங்க?"

சுபஸ்ரீ எதையோ குறித்துக்கொண்டாள். "போனை வாங்கி வெச்சா கோபம் வருமா?"

"வாங்கித்தான் பாருங்களேன்!"

"குடுங்க." அவள் அம்மாசியிடம் கை நீட்டினாள்.

அவன் எழுந்தே நின்றுவிட்டான். "என்னுது எதுக்கு? நோயாளி அவ!"

"கூட வந்தவங்களுக்கும் இதே கேள்விதான் சார். எத்தனை மணி நேரம் தூங்குறீங்க?"

"மூணு, நாலு. வியாபாரிக்கு அது போதும்."

"மனசு விட்டு யார்கிட்ட பேசுவீங்க?"

"யாருகிட்ட பேசறது? பேசுனா வெல தெரிஞ்சிடும்."

"போனை எடுக்கலைன்னா பயமா இருக்குமா?"

அந்த அறைக்குள் வந்ததிலிருந்து முதல் தடவையாக அம்மாசி குரலை இறக்கினான்.

"ஒரு வாட்டி தூங்கிட்டேன் மேடம். வந்த போன எடுக்கல. ஒரு லோடு கிழங்கும் கறுத்துப்போச்சி. அன்னியிலேருந்து... அது அடிக்காட்டியும் அடிக்கிற மாதிரியே இருக்கு."

மிச்சக் கேள்விகளையும் கேட்டு முடித்து மார்க்கைக் கூட்டினாள் சுபஸ்ரீ. "தூக்கமில்ல, பயம், பேச ஆளில்ல. இப்படி இருக்கிறவங்களைத்தான் போன் சீக்கிரம் பிடிச்சுக்கும். உங்களுக்குப் பத்துக்கு எட்டு."

"எட்டா? அநியாயம் மேடம். ஆறு போடுங்க."

"இது சந்தை இல்ல சார்."

"சரி, ஏழு. முடிச்சி வுடுங்க. அவளுக்கு எத்தினி?"

நிர்மலாவிடமும் பத்துக் கேள்வியும் கேட்டு முடித்தாள் சுபஸ்ரீ. "ஒண்ணு."

"ஒண்ணா! அது எதுக்கு?"

"பேச ஆளில்லைங்கிறாங்க."

அம்மாசிக்குச் சுருக்கென்றது. சுபஸ்ரீ சீட்டில் அடுத்த வியாழன் தேதியைப் போட்டு அவனிடமே நீட்டினாள். ரெண்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன்தான். ஆனால் தன் பெயர் தெரியாதா?

'நோயாளி பெயர்: அம்மாசி.'

"என் பேரு இருக்கு! எவன் பண்ண வேல இது?"

"நான்தான் குடுத்தேன்." நிர்மலா நிமிர்ந்து உட்கார்ந்தாள். "ஆடி மாசம் மலை வளைவுல போனப் பாத்துக்கினே பைக்க வுட்ட. அந்தப் புளியமரம் தடுக்கலன்னா இன்னிக்கு நீ இல்ல. டாக்டருகிட்ட வா வான்னு எத்தினி வாட்டி கூப்ட்டேன்? 'எனக்கு இன்னாமே கொற'ன்னு கத்துன. உனக்கு நோயின்னா நீ வரமாட்ட. எனக்கு நோயின்னா லோட வுட்டுட்டு ஓடியாருவ. அது எனக்குத் தெரியும் மாமா."

"அப்ப தீஞ்ச சோறு?"

"நானாத்தான் தீயவுட்டேன்."

அவன் முகம் சிவந்தது. கத்துவதற்கு வாயைத் திறந்தான். போன் அடித்தது. மூன்று பேரும் அதையே பார்த்தார்கள்.

அடித்து ஓய்ந்தது. அவன் எடுக்கவில்லை.

"போனுக்கு ஒரு நாளைக்கு ஆறு மணி நேரம்" என்றான், நிர்மலாவை முறைத்துக்கொண்டே.

"ரெண்டு."

"அஞ்சு. லாரி ஓட வேணாமா?"

"லாரிய டிரைவர் ஓட்டுவாரு. ரெண்டு."

"மூணு. பைக்குல தொடமாட்டேன். சத்தியம்."

"ரெண்டு. பைக்குல தொடவும் மாட்ட."

இருபது வருஷ வியாபாரத்தில் ஒரு பைசா விட்டுக்கொடுக்காதவன், போனை அணைத்து அவள் கையில் வைத்தான்.

தோற்ற வேகத்தில் கடைசியாக ஒரு பிடி பிடித்தான். "அப்ப உன் போனையும் எடு. ரெண்டு பேருக்கும் ஒரே சட்டம்!"

நிர்மலா சிரித்துக்கொண்டே நீட்டினாள்.

"தாராளமா வெச்சிக்கோ. ரீசார்ஜ் முடிஞ்சி ரெண்டு மாசமாச்சி. ஊரு ஒலகத்துக்கெல்லாம் பேசுனியே, ஒரே ஒரு வாட்டி எனக்குப் போன் போட்டிருந்தா உனக்கே தெரிஞ்சிருக்கும் மாமா."