வாறன்

எங்கள் மீனவர் சங்கத்தின் வாவித் தோணிகளுக்கான கணினிச் சேர்வரை நான்தான் எழுதினேன். புறப்படும்போது போனில் ஒரு பொத்தானை அழுத்தவேண்டும். ‘போறன்’ என்று சொல்லிவிட்டு இங்கே ஒருவரும் தண்ணீரில் இறங்கமாட்டார்கள். அதனால் பொத்தானில் ‘வாறன்’ என்று எழுதினேன். கரை திரும்பியதும் இன்னொரு பொத்தான். அதை இன்னும் யார் அழுத்தவில்லை என்று கேட்டால் சேர்வர் பெயர்களைத் தரும்.

அழகரத்தினம் அண்ணன் ஆவணியில் ‘வாறன்’ அழுத்திப் போனார். தோணியும் நனைந்த போனும் மட்டும் கிடைத்தன. போன் எங்கள் சங்க அலுமாரியில் செத்துக் கிடக்கிறது. ஆனாலும் தினமும் காலை ஆறு பத்துக்கு அவர் பெயரில் ஒரு ‘வாறன்’ பதிவாகிறது. அவருடைய கடவுச்சொல்லை ரத்துச் செய்தேன். சேர்வரின் இரகசியச் சாவி எண்களையெல்லாம் மாற்றினேன். நிற்கவில்லை.

“அந்தப் பேரை அழி பிள்ள,” என்றார் சங்கத் தலைவர்.

“அழிக்கமாட்டன். சேர்வர் பிழை விடல்ல. அவர் இன்னும் வரல்ல, அதைத்தான் சொல்லுது.”

“இனி அவன் எங்க வாறது?”

ஒவ்வொரு பதிவிலும் அழுத்தியவர் சங்கத்திலிருந்து எவ்வளவு தூரத்தில் நிற்கிறார் என்பதும் இருக்கும். திரையை அவர் பக்கம் திருப்பினேன். ஆவணியில் நாலு கிலோமீற்றர். நேற்று நூறு மீற்றர். இன்று காலை ஐந்து மீற்றர்.

தலைவர் எழும்பிப் போய்ச் சங்கக் கதவைச் சாத்தினார்.

நான் போய் அதை அகலத் திறந்துவைத்தேன்.