ஏழு நிமிஷம் பிந்திய கடிகாரம்

எங்கள் பழைய உபதேசியார் பிரசங்கத்தில் ஒன்று சொல்வார்: "பாவம்னா இடறி விழுந்தது மட்டும் இல்ல வே, விழுந்த பிறகு..." மீதி எனக்கு மறந்துவிட்டது.

செல்போன் வராத காலம். ஓர் ஊரின் தேவாலயக் கோபுரத்தில் கம்பீரமான கடிகாரம் ஒன்று இருந்தது. உள்ளே துரு ஏறி ஏழு நிமிஷம் பிந்தி ஓடியது. அது கடிகாரத்துக்கும் அதன் பக்கத்து மணிக்கும் மட்டுமே தெரியும். ஊரே அதைப் பார்த்துத்தான் நேரம் வைத்தது. அதனால் பஸ் தினமும் முந்திப் போகிறது என்று டிரைவரைத் திட்டியது.

ஒருநாள் செல்வராணி பஸ்ஸைத் தவறவிட்டாள். அவளுடைய காலேஜ் பரீட்சை போயிற்று. மறுநாள் அவள் அண்ணன்மார் கோபுரத்தடியில் பஸ்ஸை மறித்து டிரைவரைக் கன்னத்தில் அறைந்தார்கள்.

"நல்லவேளை அண்ணாச்சி, உங்கமேல யாருக்கும் சந்தேகம் வரல," என்றது பக்கத்தில் தொங்கிய மணி.

"துரு ஏறினது என் குத்தமில்ல தம்பி. ஆனா எனக்கு விழ வேண்டிய அடிய அந்த மனுஷன் வாங்குறான். நான் மேல நின்னு பாத்துக்கிட்டு இருக்கேன்."

"அதுக்காக ஓடாம நின்னுரப் போறீங்களா? நின்னீங்கன்னா கழட்டிப் பாப்பாங்க. இத்தனை வருஷ மரியாதை போயிரும்."

"கழட்டினாத்தான தம்பி துரு வெளிய தெரியும்."

மறுநாள் காலை, பஸ்ஸுக்குக் கூடிய ஜனம் நேரம் பார்க்க அண்ணாந்தபோது, கடிகாரம் தன் முட்களை நிறுத்திக்கொண்டது.