எஸ் மட்டும் இல்லாத ஃபைல்

"அண்ணா, உங்க வார்த்தை ஃபைலை ஒரு நாளைக்குக் குடுக்க முடியுமா? ஜெராக்ஸ் எடுத்துட்டு அப்படியே திருப்பித் தந்துடறேன்."

கேட்டவள் எங்கள் தண்ணீர்ப் பரிசோதனைக் கூடத்தில் கிருமிப் பிரிவில் வேலை பார்ப்பவள். நான் அடுத்த அறையில், ரசாயனப் பிரிவு. அங்கே எனக்குப் பட்டப்பெயர் டிக்‌ஷனரி. அது கிண்டல் என்று புரிய எனக்கு ஒரு வருஷம் ஆனது.

அந்த ஃபைல் என் இரண்டு வருஷ உழைப்பு. மேற்படிப்பு நுழைவுத் தேர்வுக்காக ஏ முதல் இஸட் வரை ஆயிரத்து இருநூறு ஆங்கில வார்த்தைகள்.

பஸ்ஸில் முணுமுணுத்தே பக்கத்து சீட்டைக் காலி பண்ண வைத்திருக்கிறேன். ஒரு தடவை சாம்பிள் பாட்டில் லேபிளில் நம்பருக்குப் பதிலாக 'ஆம்பிகுவஸ்', அதாவது தெளிவில்லாதது, என்று எழுதி அனுப்பி, மேனேஜரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

வீட்டிலும் இதே கதைதான். மனைவியை ஒரு நாள் செல்லமாக 'லொக்வேஷியஸ்' என்றேன். அவள் போனில் தேடிப் பார்த்தாள். வாயாடி என்று போட்டிருந்தது. அப்புறம் இரண்டு நாள் பேச்சே இல்லை. அதன் எதிர்ப்பதம் எனக்கு நன்றாக மனதில் பதிந்தது அப்போதுதான்.

விஷயத்துக்கு வருகிறேன். இந்த வருஷம் எங்கள் லேபிலிருந்து ஒரே ஒருவரைச் சம்பளத்தோடு படிக்க அனுப்பப் போகிறார்கள். யாருக்கு மார்க் அதிகமோ அவருக்கு. பெயர் கொடுத்தது இரண்டே பேர். நானும் அவளும்.

அப்படியிருக்க, என்னிடமே வந்து ஃபைலைக் கேட்கிறாள்!

மணி ஐந்தானால் பையைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறவள். கேட்டால், மூன்று வயதுக் குழந்தை வீட்டில் காத்திருக்கிறதாம். நான் இரண்டு வருஷம் மண்டையை உடைத்துக்கொண்டது இவளுக்கு ஜெராக்ஸ் மெஷினில் அரை மணி நேர வேலை.

வீட்டில் புலம்பினேன்.

"குடுத்துட்டுத்தான் போங்களேன். படிப்பு என்ன தேஞ்சா போயிடும்?" என்றாள் மனைவி.

"உனக்குப் புரியாது."

"புரியற மாதிரி ஒரு வார்த்தைகூட அந்த ஃபைல்ல இல்லையா?"

ராத்திரி முழுக்க யோசித்தேன். கொடுக்காவிட்டால் பெயர் கெடும். கொடுத்தால் சீட்டு போகும்.

காலையில் வழி பிறந்தது. வளைய ஃபைல்தானே! க்ளிப்பைத் திறந்து எஸ் எழுத்துப் பக்கங்களை மட்டும் உருவி பீரோவில் வைத்துவிட்டேன். இருப்பதிலேயே தடியான பகுதி அதுதான், நூற்று நாற்பது வார்த்தைகள். அது இல்லாமல் இந்தத் தேர்வுக்குப் போவது ஒற்றைச் செருப்போடு ஓட்டப்பந்தயத்துக்குப் போவது மாதிரி.

மீதியை எல்லோரும் பார்க்கும்படி அவள் மேஜையில் கொண்டுபோய் வைத்தேன்.

"போட்டிக்கு நிக்கறவங்களுக்கே குடுக்கறீங்களே சார், உங்க மனசு யாருக்கு வரும்!" என்றார் ஸ்டோர்கீப்பர்.

அடக்கமாகச் சிரித்தேன். அந்தச் சிரிப்பைக் கண்ணாடி முன்னால் ஏற்கெனவே பழகி வைத்திருந்தேன்.

அடுத்த நாளே ஃபைல் திரும்பி வந்தது. எஸ் எங்கே என்று அவள் கேட்கவில்லை. ஒரு வாரம் போயிற்று, இரண்டு வாரம் போயிற்று, கேட்கவே இல்லை.

"படிப்பு எப்படிம்மா போகுது?" என்று நானே வாயைக் கிளறினேன்.

"உங்க ஃபைல் இல்லேன்னா நான் என்ன ஆகியிருப்பேனோ தெரியல அண்ணா."

புரிந்துவிட்டது. பிரித்துக்கூடப் பார்க்கவில்லை! ஓசியில் கிடைத்ததன் அருமை யாருக்குத் தெரிகிறது என்று அன்று முழுக்க அவள்மேல் கோபமாக இருந்தேன். ஆமாம், எனக்குத்தான் கோபம்.

தேர்வு நாள் வந்தது. மையத்தின் வாசலில் நின்றுகொண்டிருந்தேன். மூச்சிரைக்க ஓடி வந்தாள். கையில் காகிதக் கட்டு.

"நல்லவேளை, உள்ள போறதுக்குள்ள உங்களைப் பிடிச்சுட்டேன். அண்ணா, உங்க ஃபைல்ல எஸ் எழுத்தே இல்ல. ஜெராக்ஸ் எடுக்கும்போதே பார்த்துட்டேன்."

இதற்கென்றே ஒரு பொய் தயாராக வைத்திருந்தேன். வாய் திறப்பதற்குள் அவளே தொடர்ந்தாள்.

"ரெண்டு வருஷமா கஷ்டப்படறீங்க, எங்கேயோ கவனம் தப்பி ஒரு எழுத்தே விட்டுப்போச்சு. சொன்னா இருக்கற நிம்மதியும் போயிடும். அதான் லைப்ரரில உக்காந்து நானே எழுதிட்டேன். நேத்துதான் முடிஞ்சுது. இன்னும் அரை மணி நேரம் இருக்கு, ஒரு பார்வை பார்த்துடுங்க."

வாங்கிக்கொண்டேன். நூற்றைம்பதுக்கும் மேல் வார்த்தைகள், அர்த்தத்தோடு. என்னுடையதைவிடப் பத்துப் பதினைந்து அதிகமாகவே இருக்கும். ஓரத்தில் குழந்தை கிறுக்கிய க்ரேயான் கோடுகள். அவமானத்தில் எனக்குக் காது சுட்டது.

"நீ... மத்ததெல்லாம் படிச்சு முடிச்சுட்டியாம்மா?"

"எங்கண்ணா? இதுலயே நேரம் போயிடுச்சு. கணக்குப் பகுதியைத் தொடக்கூட இல்ல" என்று சிரித்தாள். "அதுக்காக விட்டுட முடியுமா? குடுத்தவருக்கே குறைஞ்சா நல்லாவா இருக்கும்?"