பிளேடு பட்ட இடம்

ஹோஸ் வர மறுத்தது.

ரேடியேட்டர் தண்ணீர் ஓடும் அந்த ரப்பர் குழாய், கிளாம்பைக் கழற்றிய பிறகும் எஞ்சினோடு ஒட்டிக்கொண்டிருந்தது. சவரிமுத்து இரண்டு கைகளாலும் பிடித்துத் திருகினான். பழைய டீசல் பிக்கப். இத்தனை வருடச் சூட்டில் ரப்பர் இரும்போடு இரும்பாகிவிட்டிருந்தது.

பக்கத்தில் சாக்கின் மேல் புது ஹோஸ்கள். நீல நிறம். தடித்த சிலிக்கான். மதுரைக்குப் போய் வாங்கி வந்தவை. வெடித்தது ஒன்றுதான். எல்லாவற்றையுமே மாற்றிவிடுவதென்று முடிவு செய்திருந்தான்.

இனி யார் ஓட்டினாலும் வண்டி கொதிக்கக் கூடாது.

யார் ஓட்டினாலும் என்றபோது அவன் மனைவி அமலோற்பவத்தைத்தான் நினைத்தான்.

ஒரே இழுப்பில் ஹோஸ் கையோடு வந்தது.

வெடிப்பதற்கு முன், சிறு கசிவை நிறுத்த அவனே சுற்றிய சைக்கிள் டியூப் துண்டு அதில் இன்னும் இருந்தது. பிரித்துப் போட்டான். திருப்பிப் பார்த்தான்.

அடிப்பக்கம் வெடிப்பு.

கோணல்மாணலாக ஓடியிருந்தது. ஆனால் தொடங்கிய இடத்தில் மட்டும் நேராக, கோடு கிழித்தது போல.

ரப்பர் தானாக அப்படிக் கிழியாது.

டியூப்பைச் சுற்றி முடித்து, மிஞ்சிய நுனியை ஹோஸின் மேலேயே வைத்து பிளேடால் அறுத்தது நினைவுக்கு வந்தது. அவசரம். வாழைத்தார் ஏற்றிய வண்டி. அழுத்தித்தான் அறுத்தான்.

அவன் அப்படியே சாக்கின் ஓரத்தில் உட்கார்ந்தான்.

ஹோஸ் வெடித்த அன்று சவரிமுத்துவுக்குக் காய்ச்சல். அமலோற்பவம்தான் சிறுமலையிலிருந்து வாழைத்தாரோடு வண்டியை இறக்கினாள். பாதி மலையில் முன்னால் ஆவி கிளம்பியது. ஓரங்கட்டி எஞ்சினை அணைத்தாள். பின்னால் வந்த வண்டியை நிறுத்தி, தார்களை மாற்றி ஏற்றி, திண்டுக்கல் சந்தைக்குக் கொண்டு சேர்த்தாள்.

ஒரு தார்கூட அடிபடவில்லை.

கேள்விப்பட்டுக் காய்ச்சலோடு சந்தைக்கு வந்தவன், அவள் சொல்லவந்ததைக் கேட்கவில்லை.

"சூட்டு முள்ளு ஏறுறதுகூடவா கண்ணுக்குத் தெரியல? எஞ்சினத் தின்னுட்டியேடி! இனிமே ஸ்டியரிங்கத் தொட்டுப் பாரு!"

சுமை இறக்குகிறவர்கள் சிரித்தார்கள். அந்தச் சிரிப்புக்காக அவன் இன்னும் கொஞ்சம் கத்தினான்.

அவள் சாவியை அவன் சட்டைப் பையில் போட்டுவிட்டுப் போய் பஸ் ஏறினாள்.

அதற்குப் பிறகு ஓட்டவில்லை. அவனோடு தேவைக்கு மேல் பேசவும் இல்லை.

இப்போது அவள் டீ கொண்டுவந்தாள். டம்ளரை பானட் ஓரத்தில் வைத்தாள். அவன் கையிலிருந்த ஹோஸைப் பார்த்தாள்.

"எங்க விட்டுருக்கு?"

கீறல் இருந்த பக்கத்தை அவன் உள்ளங்கைக்குள் திருப்பிக்கொண்டான்.

"பழசு. தானா விட்டுருச்சு."

"நாந்தான் முள்ளக் கவனிக்காம விட்டுட்டேனோன்னு நெனச்சுக்கிட்டே கெடந்தேன்."

டம்ளரைப் பார்த்துத்தான் சொன்னாள். உள்ளே போய்விட்டாள்.



புது ஹோஸ்களை ஒவ்வொன்றாகப் பொருத்தினான். கிளாம்புகளை முடுக்கினான். தண்ணீர் ஊற்றிக் கிளப்பினான். கசிவில்லை. சூட்டு முள் பாதியில் ஏறி நின்றது.

எஞ்சின் சீராக ஓடியது.

அவள் அன்று அணைக்காமல் ஓட்டி வந்திருந்தால் இந்தச் சத்தமே இருந்திருக்காது. அது அவனுக்கு அப்போதுதான் உறைத்தது. டீ ஆறிப்போயிருந்தது.

மறுநாள் காலை தார் ஏற்றியதும், "நீயும் வா" என்றான்.

அவள் இடப்பக்கம் ஏறி உட்கார்ந்தாள்.

சந்தையில் சுமை இறங்கி முடிந்தது. அவன் இறங்கி வந்து, எல்லார் முன்னாலும் சாவியை அவளிடம் நீட்டினான்.

"என்ன சவரி, மறுபடியும் வீட்டம்மா கையிலயா?" சுமை இறக்கும் ராயப்பன் தலைத்துண்டை அவிழ்த்தபடி கேட்டான். "அப்ப தண்ணி லாரியையும் பின்னாடியே வரச் சொல்லு."

எல்லாரும் சிரித்தார்கள்.

சவரிமுத்துவும் சிரித்துவிட்டான். அதுவாக வந்துவிட்டது.

சாவிக்கு நீண்ட அமலோற்பவத்தின் கை பாதியில் நின்றது.

"ராயப்பா." சிரிப்பில் யாருக்கும் கேட்கவில்லை. சவரிமுத்து சத்தமாக மறுபடியும் சொன்னான். "ராயப்பா, அன்னைக்கு ஹோஸ அறுத்தது நான். என் பிளேடு. இவ அணைக்கலேன்னா எஞ்சினே இருந்திருக்காது."

சிரிப்பு ஒவ்வொரு வாயாக அடங்கியது. ராயப்பன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு அடுத்த வண்டிப் பக்கம் நகர்ந்தான்.

அவள் அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நேத்தே தெரியுமா?"

தலையாட்டினான்.

நிமிர்ந்து அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. அவள் கால்களைப் பார்த்தான். செருப்பின் வாரில் வாழைக்கறை.

கையிலிருந்த சாவியை அவள் எடுத்துக்கொண்டது தெரிந்தது.

மலையேறும்போது அவன் இடப்பக்கம் உட்கார்ந்திருந்தான். காலி வண்டி. அவள் வளைவுக்கு வளைவு கியரை மாற்றி ஏற்றினாள்.

ஒரு வளைவில் எதிரே பஸ் இறங்கி வந்தது. அவள் வண்டியைப் பள்ளத்துப் பக்கம் ஒதுக்கினாள். அவன் வலது கால் தானாக, வெறும் தரையை அழுத்தி மிதித்தது.

அவள் பார்த்துவிட்டாள்.

"பிரேக்கு இங்க இருக்கு."

அவன் காலை மெல்லப் பின்னுக்கு இழுத்துக்கொண்டான்.

பஸ் உரசாமல் கடந்து போனது.